மேனுவல் கார்ல ரிமோட் ஸ்டார்ட்: வண்டி குதிச்சதுக்குக் காரணம்

ரிமோட்டை அமுக்குனா சில நேரம் வண்டி கியர்லயே ஸ்டார்ட் ஆகி முன்னாடி குதிக்கும், ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும். மெக்கானிக் பிரேக் கேபிளை டைட் பண்ணாரு, ரிமோட்டையும் மாத்தியாச்சு, ஒண்ணும் ஆகல. இந்த மாதிரி ரிமோட் ஸ்டார்ட் கிட், கிளச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆக விடுற கிளச் சுவிட்சை பைபாஸ் பண்ணிடும், அதனால என்ஜின் ஓடும்போதே ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவிய எடுத்து, இறங்கி கதவை சாத்துனாத்தான் என்ஜின் ஆஃப் ஆகும், அப்பதான் கிட் வண்டி நியூட்ரல்ல இருக்குன்னு நம்பும் (கியர்ல இருந்தா கிளச்சை விட்டதுமே என்ஜின் நின்னிருக்கும்), அப்புறம் எந்தக் கதவைத் தொறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் கேன்சல் ஆகணும். ஆனா வயர் போயிருந்தது டிரைவர் கதவு சுவிட்சுக்கு மட்டும்! மச்சான் இடது கதவு வழியா உள்ள போய், சரிவா இருக்கேன்னு கியர் போட்டுட்டு வந்தா கிட்டுக்கு எப்படித் தெரியும்? நாலு கதவு சுவிட்சையும் தனித்தனி டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பார்ட்) வச்சு கிட்டோட டோர் வயர்ல சேத்ததும் சரியாச்சு, அப்பாடா. ஒவ்வொரு கதவா தொறந்து மூடி ரிமோட் அமுக்கிப் பாத்தேன், ஸ்டார்ட்டர் அசையவே இல்ல.