பிரெப் பள்ளியின் விழுமியங்கள்: பெற்றோர் கோட்டைவிடும் இடங்கள்

கருணை, துணிவு, மரியாதை, விடாமுயற்சி. 13 வயது வரையான பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளில் சேரத் தயார் செய்பவை பிரெப் பள்ளிகள். பிரிட்டனில் எந்தத் தனியார் பிரெப் பள்ளிக்குப் போனாலும் வரவேற்பறைச் சுவரில் இவற்றில் இரண்டு மூன்றாவது கண்ணில் படும். மகனுக்குப் பள்ளி தேடியபோது இந்தச் சொற்களையெல்லாம் நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலாவது பள்ளிக்கு வந்தபோது எது யாருடையது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொற்களை வைத்துப் பள்ளியை எடை போட்டதுதான் நான் செய்த முதல் தவறு.

இதில் சட்டமும் கலந்திருக்கிறது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேறு மதத்தவரிடமும் வேறு நம்பிக்கை உள்ளவர்களிடமும் மரியாதை ஆகியவற்றை வளர்த்தே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளுக்கான 2014 விதிமுறைகள் சொல்கின்றன. ஆகவே இணையதளத்தில் இவை இருப்பதால் அந்தப் பள்ளிக்குத் தனிப் பெருமை ஒன்றுமில்லை. தலைமையாசிரியரைச் சந்திக்கும்போது, "இந்தக் கொள்கையைக் காப்பாற்றுவது உங்களுக்கே கஷ்டமாக இருந்த சமயம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல தலைமையாசிரியர் கொஞ்சம் யோசிப்பார். அப்புறம் யார் பெயரையும் சொல்லாமல், நடந்த ஒன்றைச் சொல்வார். மறுபடியும் சுவரில் இருப்பதையே சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் வந்து பார்க்கப் பள்ளியைத் திறந்துவிடும் ஓப்பன் டேயை மட்டும் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. அன்றைக்குப் புல்வெளி வெட்டியிருக்கும், நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளே சுற்றிக் காட்ட வருவார்கள். விருந்தாளி வந்தால் நாமும் வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் இல்லையா, அதைப் போலத்தான். சாதாரண வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து இன்னொரு முறை வரலாமா என்று கேளுங்கள். நான் அப்படிப் போன பள்ளியில், ஐந்து வயதிருக்கும் பையன் ஒருவன் தட்டையும் தண்ணீர் டம்ளரையும் சேர்த்துக் கீழே போட்டுவிட்டான். ஆசிரியை குனிந்து அவன் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, நனைந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி யாரும் சொல்லாமலே மாப் எடுத்து வந்தாள். பக்கத்து மேசையில் யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனவரோ, இதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் நூலகத்தைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தார். அங்கே அது தினப்படி சங்கதி.

நடத்தைக் கொள்கை, புல்லியிங் (பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைத் துன்புறுத்துவது) தடுப்புத் திட்டம், புகார் நடைமுறை ஆகியவற்றைப் படிக்காமல் விடுவது இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். படிக்கச் சலிப்பாக இருக்கும், சரி. ஆனால் விளம்பரத்துக்காக எழுதாதவை இவைதான். இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். போன கல்வியாண்டில் முறைப்படி பதிவான புகார்கள் எத்தனை என்ற எண்ணையும் பள்ளி பெற்றோருக்குத் தர வேண்டும். பலருக்கு இது தெரியாது. பூஜ்யம் என்று பதில் வந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். எல்லாம் பேசியே தீர்ந்திருக்கலாம், வாய் திறக்கவே பெற்றோர் பயந்திருக்கலாம். எது என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். புகார் முதலில் வாய்ப்பேச்சு, பிறகு எழுத்து, கடைசியில் குழு விசாரணை என்று மூன்று படிகளில் போகும். அந்தக் குழுவில் பள்ளி நிர்வாகத்தைச் சேராத ஒருவராவது இருக்க வேண்டும். நடத்தைக் கொள்கையில் நான் ஒன்றைத் தேடுவேன்: தவறு செய்த பிள்ளை தண்டனை முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது என்ன செய்கிறார்கள்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் கருணை சுவரோடு நின்றுவிட்டது.

ஆய்வு அறிக்கையில் ஒற்றைச் சொல்லைத் தேடுவதும் இப்போது பயன்படாது. இங்கிலாந்தில் பிரெப் பள்ளிகள் பலவற்றை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ என்ற அமைப்பு, 2023 செப்டம்பர் முதல் 'மிகச் சிறப்பு' மாதிரியான மதிப்பீடு தருவதில்லை. அரசு வகுத்த தரநியமங்கள் நிறைவேறியிருக்கின்றனவா என்றுதான் சொல்கிறது. நிறைவேறின என்பது குறைந்தபட்சம், அவ்வளவே.

விளையாட்டைப் பலரும் கோப்பைகளை எண்ணியே அளக்கிறார்கள். பிரெப் பள்ளிகளின் சங்கமே 1892இல், சிறுவர்களுக்கு எந்த அளவு கிரிக்கெட் பந்து பொருத்தம் என்று தலைமையாசிரியர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது. சின்னக் கைக்கு ஏற்ற பந்து வேண்டும் என்ற அந்த அக்கறை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி அணிக்குப் பயிற்சி தருபவர் யார்? அவர்களுக்கும் வெளிப் பள்ளிகளோடு ஆட்டம் உண்டா?

எந்தெந்தப் பெரிய பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது என்று கேட்பது நியாயம்தான். பெயரே தயார் செய்யும் பள்ளி. அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுவதுதான் பிழை. நினைத்த பள்ளியில் இடம் கிடைக்காது என்று தெரியவரும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள், எப்போது பெற்றோரிடம் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். தலைமைப் பண்பு பற்றிப் பெருமையாகப் பேசும் பள்ளியில், 13 வயது வரை இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது நல்லது. பாதிப் பேர் 11 வயதிலேயே போய்விட்டால், மேல் வகுப்புப் பொறுப்புகளை ஏற்கப் பிள்ளைகள் குறைவு.

கட்டணத்தோடு அக்கறையும் ஏறும் என்று எண்ண வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்திருக்கிறது. ஒத்துவரவில்லை என்று பிள்ளையைச் சட்டென்று விலக்கினால், வழக்கமாக ஒரு பருவத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பருவத்தின் கட்டணத்தைக் கட்ட வேண்டிவரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன் அந்த நிபந்தனையைத் தேடிப் படியுங்கள்.

பல பள்ளிகள் சேர்க்கைக்கு முன் பிள்ளையை ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்துப் பார்க்கின்றன. அன்று மாலை காரில் ஏறியதும் "பிடித்திருந்ததா?" என்று கேட்டுவிடுகிறோம், "ம்" என்று பதில் வருகிறது. நான் மகனிடம், சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், வழி தெரியாதபோது யாரிடம் கேட்டாய் என்று கேட்டேன். ஒரு பள்ளியில் அவனுக்கு ஒரு பெயரும் நினைவில்லை. இன்னொரு பள்ளியிலிருந்து திரும்பியபோது வீடு வரும்வரை பெயர்களாகவே சொல்லிக்கொண்டு வந்தான்.