அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு மென்படலம்: குமரி மாவட்ட ஈரக்காற்றில் தெளிவாக எடுப்பது எப்படி?

முதன்முதலாக மென்படலம் (கண்ணாடிமேல் படியவைக்கும் மிக மெல்லிய பூச்சு) எடுப்பவர்கள் எத்தனை சதவீதம் அலுமினியம் சேர்ப்பது என்றுதான் கவலைப்படுவார்கள். குமரி மாவட்டத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் காற்றுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே உண்டு, இடையில் கடற்காற்று. ஈரம் படலத்தின் மேற்பரப்பைக் கெடுக்கும். மேற்பரப்பு கெட்டால் ஒளியியல் அளவீட்டை நம்ப முடியாது.

கரைசல்

50 மி.லி. கரைசலுக்கு (0.5 மோலார்) 5.49 கிராம் துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட், 1.5 மி.லி. மோனோஎத்தனாலமின், மீதிக்கு 2-மீத்தாக்ஸிஎத்தனால். எத்தனால் மலிவுதான். ஆனால் அது சட்டென ஆவியாகும்போது படலம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோலப் படியும். 2-மீத்தாக்ஸிஎத்தனால் சுமார் 124 டிகிரியில்தான் கொதிக்கும், மெதுவாக உலரும். அது இனப்பெருக்க நலனைப் பாதிக்கும் நச்சு என்பதால் ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி), கையுறையோடு மட்டுமே கையாளுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

நூறு துத்தநாக அணுவுக்கு ஓர் அலுமினிய அணு வேண்டுமென்றால் அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 0.094 கிராம் போதும். இந்த உப்பு தராசுத் தட்டிலேயே ஈரத்தை இழுக்கும். இவ்வளவு சிறிய எடையில் பிழை பெரிதாகிவிடும். 0.94 கிராமை அதே கரைப்பானில் கரைத்து 10 மி.லி. ஆக்கி, அதிலிருந்து 1 மி.லி. எடுங்கள்.

அசிட்டேட் முதலில் பால்போலக் கலங்கி நிற்கும். மோனோஎத்தனாலமினைச் சொட்டுச் சொட்டாக விடும்போது தெளியும். 60 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கி, இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் கலங்கியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது.

கண்ணாடி

சோப்புநீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால், கடைசியாக அயனி நீக்கிய நீர். இறுதிக் கழுவலுக்குக் குழாய்நீர், கிணற்றுநீர் எதுவும் கூடாது; உலர்ந்ததும் உப்புப் புள்ளி தங்கும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் ஒரே தகடாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

பூச்சு

ஏசி அறையைக் கதவடைத்து ஒரு மணி நேரமாவது ஓடவிட்டபின் தொடங்குங்கள். ஈரமானி 50 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நல்லது. கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே விடுங்கள். தூசி இருந்தால் ஒவ்வொரு துகளுக்கும் பின்னால் வால்நட்சத்திரம் போலக் கோடு விழும். ஸ்லைடை ஸ்பின் கோட்டரில் (வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் கருவி) வைத்துக் கரைசலை ஊற்றி, நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 விநாடி. உடனே, மேசையில் வைக்காமல், 300 டிகிரி ஹாட் பிளேட்டில் 10 நிமிடம். நன்கு ஆறியபின் அடுத்த அடுக்கு. இப்படி எட்டு அடுக்கு. சூடு ஆறுமுன் ஊற்றினால் சுருக்கம் விழும்.

பிறகு உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 500 டிகிரி வரை ஏற்றி, ஒரு மணி நேரம். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்காதீர்கள். 550-ஐத் தாண்டினால் சாதாரண ஸ்லைடு வளையத் தொடங்கும்.

அளவீடு

முதலில் கண்ணால் பாருங்கள். டியூப்லைட்டின் பிம்பம் படலத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் மேற்பரப்பு சொரசொரப்பு. அது ஒளியைச் சிதறடிக்கும். நிறமாலைமானி (ஒவ்வொரு அலைநீளத்திலும் ஊடுருவும் ஒளியை அளக்கும் கருவி) சிதறிய ஒளியையும் உட்கவர்ந்ததாகவே கணக்கில் எடுக்கும். 800 நானோமீட்டரிலிருந்து 400 வரை ஊடுருவல் படிப்படியாகச் சரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். ஒப்பீட்டுக்கு அதே பெட்டியிலிருந்து எடுத்த, பூச்சில்லாத ஸ்லைடை வையுங்கள்.

பட்டை இடைவெளிக்கு (எலக்ட்ரான் கட்டுண்ட நிலையிலிருந்து கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்), உட்கவர் குணகத்தை (படலம் ஒளியை எவ்வளவு வலுவாக உட்கவர்கிறது என்பதன் அளவு) ஃபோட்டான் ஆற்றலால் பெருக்கி, வர்க்கமாக்கி, ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டுப் பகுதியை நீட்டினால் கிடைமட்ட அச்சை வெட்டும் இடமே விடை. 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல்: 375 நானோமீட்டர் என்றால் 3.31 எலக்ட்ரான் வோல்ட், 377 என்றால் 3.29. இரண்டே நானோமீட்டர் தவறினாலும் 0.02 வித்தியாசம் வருகிறது. அதை அலுமினியத்தின் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். அலுமினியம் சேர்க்காத படலத்தையும் அதே நாளில் எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று ஸ்லைடு அளந்து பாருங்கள். ஹால் அளவீட்டில் (காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கண்டறியும் சோதனை) எலக்ட்ரான் அடர்த்தி உயர்ந்திருப்பது தெரியாமல் பர்ஸ்டீன்-மாஸ் நகர்வு (எலக்ட்ரான்கள் பெருகுவதால் பட்டை இடைவெளி அகன்று தெரிவது) என்ற பெயரையும் எடுக்க வேண்டாம்.