கர்ல் கட்டளையில் பிராக்ஸியைத் தாண்ட

மண்டபம் ஊரில் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. வெப்பநிலை காட்டும் பெட்டி என் கணினி இருக்கும் அதே நெட்வொர்க் சுவிட்சில், 192.168.1.20 முகவரியில்தான் இருக்கிறது. ஆனாலும் கர்ல் (curl, முகவரி கொடுத்தால் தரவை வாங்கித் தரும் கட்டளை) போட்டால் 504 பிழை, அதாவது பதில் வராமல் நேரம் முடிந்துவிட்டது. காரணம், நம் கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் பிராக்ஸி சர்வர் இருப்பது வெளியூரில். இந்த உள்முகவரி அதற்கு எட்டாது.

curl --noproxy "*" (எந்த முகவரிக்கும் பிராக்ஸி வேண்டாம்) என்று தட்டி, பிறகு முகவரியைக் கொடுத்ததும் -18 என்று உடனே வந்தது. நட்சத்திரக் குறிக்கு மேற்கோள் கட்டாயம். விட்டால் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் no_proxy என்ற சூழல் மாறியில் (environment variable) முகவரியை முழுசாக எழுதுங்கள். 192.168.1.* செல்லாது, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் குறிக்கும் 192.168.1.0/24 என்பதோ 7.86 பதிப்பிலிருந்துதான் கர்லுக்குப் புரியும். பழைய உபுண்டு வைத்திருப்பவர்கள் முதலில் பதிப்பைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கட்டளையில் -v சேர்த்தால் போதும், எந்த முகவரியோடு இணைகிறது என்று முதல் வரிகளிலேயே தெரிந்துவிடும்.