ஹார்டு டிஸ்க்கை 256 பிட் சாவியால் பூட்டுவது எப்படி?

போன மாதம் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் நண்பர் ஒருவர் ஹார்டு டிஸ்க்கைத் தவறவிட்டார். வீட்டுப் பத்திரம், ஆதார் நகல் எல்லாம் உள்ளே பூட்டில்லாமல் கிடந்தன. "என்கிரிப்ட் பண்ணா ஸ்லோ ஆயிடும்னு சொன்னாங்க" என்றார். என்கிரிப்ட் என்றால், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றிப் பூட்டுவது. அந்தப் பயம் வேண்டாம். ரிச்சி தெருவில் புது டிஸ்க் வாங்கி வந்ததும், அவருடைய உபுண்டு லேப்டாப்பில் செய்து காட்டியது இதுதான்.

முதலில் சிப்பைப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்சிபியூ என்று அடித்தால் ஃப்ளாக்ஸ் வரியில் ஏஇஎஸ் என்று இருக்க வேண்டும். ஏஇஎஸ் என்ற பூட்டும் முறையைச் சிப்பே வேகமாகச் செய்யும் என்பதற்கு அதுதான் அடையாளம். இன்டெல் இந்த வசதியை 2010இல் கொண்டுவந்தது. 128, 192, 256 பிட் சாவி மூன்றையும் சிப்பே கையாளும். அதற்கு முன்பு வந்த, பேட்லாக் என்ற பூட்டும் வசதி கொண்ட வியா நிறுவனத்தின் சிப்பில், 128 பிட் சாவியை மட்டும்தான் சிப்பே விரித்துக்கொள்ளும். ஏஇஎஸ் தகவலைப் பல சுற்றுகளாகக் கலக்கும்; நீளமான சாவி என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய துணைச் சாவிகளை மென்பொருள் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் ஏஇஎஸ் வசதியே இல்லை. அங்கே வேகம் நிஜமாகவே அடிவாங்கும்.

அடுத்து வேகம். சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு, கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க் என்று ஓட்டுங்கள். டிஸ்க்கை அது தொடாது, மெமரியில் மட்டும் சோதிக்கும். ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் என்று இரண்டு வரி வரும்: 256, 512. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எக்ஸ்டிஎஸ் என்பது டிஸ்க்கில் ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் ஒரு முறை; அது சாவியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஆகவே 256 என்றால் உண்மையில் ஏஇஎஸ்-128. 512 போட்டால்தான் ஏஇஎஸ்-256. முன்னது 10 சுற்று, பின்னது 14. அதனால் இரண்டாவது வரியில் வேகம் சற்றுக் குறையும். ஆனாலும் ஹார்டு டிஸ்க்கின் வேகத்தைவிட அது பல மடங்கு அதிகம், வித்தியாசமே தெரியாது. 128 பிட்டையும் இதுவரை யாரும் உடைக்கவில்லைதான். ஆனால் பத்திரம் இருபது வருஷம் கழித்தும் ரகசியமாக இருக்க வேண்டும். சிப் சுளுவாகச் செய்து தரும்போது நீளமான சாவியையே போடுங்கள்.

இப்போது பூட்டலாம். எல்எஸ்பிஎல்கே அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும்; கொள்ளளவை வைத்து உங்கள் டிஸ்க் எது என்று இரண்டு முறை பாருங்கள். பெயரை மாற்றி அடித்தால் வேறு டிஸ்க் அழிந்துவிடும். லக்ஸ் என்பது லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் முறை. அதற்கான கட்டளை: சூடோ கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஃபார்மேட் (எஃப் மட்டும் பெரிய எழுத்து), பிறகு இரண்டு கோடு போட்டுக் கீ-சைஸ் 512, கடைசியில் டிஸ்க்கின் பெயர். யெஸ் என்று பெரிய எழுத்தில் அடித்தால்தான் நகரும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். பிறந்த தேதியை வைத்தால் 256 பிட்டும் வீண். அப்புறம் டிஸ்க்ஸ் செயலியில் பூட்டைத் திறந்து எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

லக்ஸ்டம்ப் கட்டளையில் 512 பிட் என்று காட்டினால் சரி.

கடைசியாக, லக்ஸ்ஹெட்டர்பேக்கப் கட்டளையால் ஹெட்டருக்கு ஒரு நகல் எடுங்கள். சாவி இருப்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ஹெட்டர் என்ற பகுதியில். அது கெட்டால் பாஸ்வேர்டு தெரிந்தும் திறக்க முடியாது. நண்பர் அந்த நகலை ஒரு பென் டிரைவில் போட்டு, பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.