எஞ்சினைக் கொழும்புக்கு ஏற்றும் முன்

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாஷையூர் பக்கம் புதிதாகப் படகு இறக்கும் பொடியள், படகின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின் பழுதானால் அதைக் கொழும்பு ஏஜென்சிக்கு அனுப்புகிற விதத்தைப் பார்த்தால், பழைய ஆட்கள் விட்ட பிழைகள் ஒன்றும் மாறவில்லை. கவரைப் பூட்ட மறப்பது, பற்றுச்சீட்டைத் தொலைப்பது எல்லாம் ஒருதரம் பட்டால் திருந்திவிடும். கீழே உள்ளவை காசைத் தின்னும் பிழைகள்.

தலை தாழக் கிடத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். கடலால் வந்த எஞ்சினைக் கழற்றிய கையோடு லொறியில் ஏற்றி, இடம் போதாதென்று, சிலிண்டர் இருக்கும் தலைப்பக்கம் தாழ, புரொப்பெல்லர் பக்கத்தை மீன் பெட்டிக்கு மேலே தூக்கி வைப்பார்கள். ரூ ஸ்ரோக் எஞ்சினில் புகையும் குளிர்த்தண்ணீரும் புரொப்பெல்லர் பூட்டிய ஒரே காலுக்குள்ளால்தான் இறங்குகின்றன. கால் உயர்ந்தால் அங்கே தேங்கிய உப்புத்தண்ணீர் திரும்பி, புகைவாயிலால் சிலிண்டருக்குள் போகும். இரண்டு பிஸ்ரனில் ஒன்று மேலே நின்றால் மற்றது கீழே நிற்கும்; ஆகவே பெரும்பாலும் ஒரு வாயில் திறந்தே இருக்கும். 400 கிலோமீற்றர் குலுக்கலில் தண்ணீர் பெயரிங் வரை இறங்கிவிடும். ஸ்ராட்டர் கயிறு அறுந்ததற்காகப் போன எஞ்சினுக்கு கிராங்க், பெயரிங், றிங் என்று பில் வருவது இப்படித்தான். தண்ணீர் போனதற்கு உத்தரவாதமும் செல்லாது.

ஓடக்கூடிய எஞ்சினென்றால் நல்ல தண்ணீர் நிரப்பிய பரலில் 10 நிமிடம் ஓட விடுங்கள். ஓடாததென்றால் பிளக் வயரைக் கழற்றி, பரலில் வைத்தே கயிற்றைப் பத்துத் தரம் இழுங்கள். பிறகு ஒரு இரவு ஸ்ராண்டில் நிமிர்த்தி வையுங்கள். பிளக் துளையால் சிலிண்டருக்கு ஒரு கரண்டி ரூ ஸ்ரோக் எண்ணெய் விட்டு மெல்ல நாலு இழுவை. கிடத்தும்போது தலைக்குக் கீழே பழைய கார் டயர். காலைவிடத் தலை ஒரு சாணாவது உயரட்டும். ஃபோர் ஸ்ரோக் என்றால் கைநூலில் சொன்ன பக்கத்தில் மட்டுமே கிடத்தலாம். மறுபக்கம் சாய்த்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போகும்.

எரிபொருளோடு அனுப்புவது

மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்த முன் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள். பிறகு குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். காபரேற்றர் அடித்திருகையும் திறந்து வடியுங்கள்.

கியர் எண்ணெயை மாற்றி அனுப்புவது

வேண்டாம். பால் நிறமாக இருந்தால் சீல் போய்விட்டது என்று அதைப் பார்த்துத்தான் மெக்கானிக் சொல்லுவார். நீங்கள் துடைத்தது சாட்சியை.

‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதுவது

குளிரில் ஸ்ராட் ஆகவில்லையா, சூடேறிய பின் நின்றதா, குளிர்த்தண்ணீர் வெளியே வரும் பக்கத்துளையால் தண்ணீர் பீச்சியதா என்று எழுதுங்கள். பழைய பிளக்குகளில் ‘மேல்’, ‘கீழ்’ என்று குறித்துக் கூடவே வையுங்கள். ஊர் மெக்கானிக் திறந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். போல்ற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தொடர் இலக்கம்

கிளாம்ப் தகட்டில் இருக்கும். ஏற்ற முன் படமெடுங்கள்.

புரொப்பெல்லர்

கழற்றி வீட்டில் வையுங்கள்.