குழந்தையைக் காணவில்லை என்றால் காவல் நிலையத்தில் கேட்க வேண்டியவை

மதுரைப் பக்கம் ஒரு குழந்தையைக் காணவில்லை என்ற செய்தி பரவும்போதெல்லாம், காவல்துறை உடனே தேடியதா, பெற்றோரை அலைக்கழித்ததா என்ற வாக்குவாதம் எழுகிறது. முதல் சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு எழுத்தில் சான்று இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு வலு உண்டு.

"24 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. 18 வயது நிரம்பாத ஒருவரைக் காணவில்லை என்று புகார் வந்தால், தொடக்கத்திலேயே அதைக் கடத்தலாகக் கருதி முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. நம் நிலையங்களில் முதலில் கையில் தரப்படுவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அது மனு வந்ததற்கான ஒப்புகையே தவிர வழக்கு ஆகாது. குற்ற எண் உள்ள எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மேலூர்க் குழந்தை மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் தவறிப்போயிருந்தாலும், எல்லையைக் காரணம் காட்டி எந்த நிலையமும் புகாரை மறுக்க முடியாது.

புகாரில் வயது, உடை, அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம் ஆகியவற்றுடன் அந்த வழியில் உள்ள கேமராக்களையும் குறிப்பிடுங்கள். பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும். வீட்டில் திட்டு விழுந்தது, மதிப்பெண் குறைந்தது, யாருடனோ பழகியது போன்றவற்றை மானத்துக்கு அஞ்சி மறைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த மறைப்பால் தேடல் தவறான திசையில் போய்விடும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

வழக்குப் பதிய மறுத்தால், மாநகரமானால் காவல் ஆணையருக்கும் புறநகரானால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்பிவிட்டு, பிறகு நீதித்துறை நடுவரை அணுகலாம். பிள்ளையை யாரோ பிடித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய வழியுண்டு.

மறியலுக்கு உட்காரும் ஊர்க்காரர்களும் புகார் எத்தனை மணிக்கு வந்தது, எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதியப்பட்டது, விசாரணை அதிகாரி யார், எந்தெந்தக் கேமராப் பதிவுகள் எடுக்கப்பட்டன என்று கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். வெளியூர் ஆட்கள்மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிடும் பேச்சை மட்டும் முளையிலேயே நிறுத்துங்கள்: 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தை கிடைத்தவுடன் பகிர்ந்த படத்தையும் பெயரையும் நீக்கிவிட வேண்டும்; அதன் பிறகும் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றமாகலாம்.

நான்கு மாதமாகியும் குழந்தை கிடைக்காவிட்டால் விசாரணை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும். அதற்குள் ஊர்ப் பேச்சு வேறு செய்திக்குத் தாவியிருக்கும் என்பதால், அந்தத் தேதியைக் குறித்து வைத்து, மாற்றக் கோரும் மனுவைக் குடும்பத்துடன் சேர்ந்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.