வன்னி வீதிகளில் முரட்டுச் சாரதிகளையும் கவனமற்ற சாரதிகளையும் சமாளிப்பது எப்படி? புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வழியாக ஆனையிறவு வரை செல்லும் ஏ9 வீதி பெரும்பாலும் நேரானது, வளைவுகளும் குறைவு. புதிதாக ஓட்டுபவருக்கு அது இலகுவான வீதியாகத் தோன்றும். ஆனால் அந்த நேர்த்தன்மைதான் பஸ்ஸையும் வானையும் விரட்டி ஓட வைக்கிறது. அதே வீதியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும், பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிளும், மாட்டுப் பட்டியும் மிக மெதுவாக நகர்கின்றன. இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில்தான் மோட்டார் சைக்கிள்காரர் தன் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு ஆபத்தைத் தரும் சாரதிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். முதல் வகையினர் முரடர்கள்: விடாமல் ஹோர்ண் அடிப்பவர்கள், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர்கள், எதிரே நீங்கள் வருவது தெரிந்தும் மற்ற வாகனத்தை விலத்துபவர்கள் (முந்திச் செல்பவர்கள்). இரண்டாம் வகையினர் கவனமற்றவர்கள்: கண்ணாடியைப் பாராமல் திரும்புபவர்கள், சிக்னல் போடாமல் நிறுத்துபவர்கள். முரடரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் என் கணிப்பில் கவனமற்றவரே கூடுதல் ஆபத்தானவர். முரடர் சத்தத்தோடும் வெளிச்சத்தோடும் தன் வரவைத் தூரத்திலேயே அறிவித்துவிடுகிறார். கவனமற்றவர் எந்த அறிவிப்பும் தருவதில்லை. ஆகவே முதலாமவருக்கு இடம் விட்டுக்கொடுக்கவும், இரண்டாமவர் செய்யப்போவதை முன்கூட்டியே ஊகிக்கவும் வேண்டும்.

படி 1: உங்களைத் தெரியும்படி செய்யுங்கள்

பகலிலும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டே ஓடுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் இருக்க வேண்டும்; அவற்றில் உங்கள் தோளல்ல, பின்னால் வரும் வீதி தெரிய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தை, நாடியின் கீழ் பட்டியை இறுக்கிப் பூட்டி அணியுங்கள். பின்னால் இருப்பவருக்கும் இதுவே விதி.

படி 2: வீதியில் உங்கள் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

புதியவர்களிற் பலர் பயத்தினால் இடது கரையிலுள்ள வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓடுகிறார்கள். அது பாதுகாப்பாகத் தோன்றினாலும், இடமிருக்கிறதென்று எண்ணி உங்களை உரசிக்கொண்டு போகுமாறு பின்னால் வருபவரை அழைப்பதாகவே முடியும். அத்துடன் ஏதாவது நடந்தால் இடப்பக்கம் ஒதுங்க உங்களிடம் மீதி இடம் இருக்காது. உங்கள் ஒழுங்கையின் நடுப்பகுதியை அண்டி ஓடுங்கள். யாராவது விலத்த வரும்போது இடப்பக்கம் நகர்ந்து வழி விடுங்கள். அவர் போனதும் திரும்பவும் உங்கள் இடத்துக்கு வாருங்கள்.

முன்னால் போகும் வாகனத்துடன் குறைந்தது 2 செக்கன் இடைவெளி தேவை. பஸ்ஸோ டிப்பரோ ஆனால் 3 செக்கன். முன்னால் போவது ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் 'முறிகண்டிப் பிள்ளையாரே' என்று அவசரமில்லாமல் மனதுக்குள் சொல்லுங்கள். அதை இரண்டு தடவை சொல்லி முடிக்குமுன் நீங்கள் அதே கம்பத்தை அடைந்தால் மிகவும் கிட்டப் போகிறீர்கள் என்று பொருள். (பிள்ளையார் குறைநினைக்க மாட்டார்; ஏ9 ஓரத்திலுள்ள அவருடைய கோயில் வாசலில் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் வாகனங்கள் திடீரென்று ஒதுங்குவதால், அந்த இடத்தில் இந்த இடைவெளி இன்னும் கூடுதலாகத் தேவை.) மணல் ஏற்றிய டிப்பரின் பின்னால் தொடர்ந்து போகவே வேண்டாம். கண்ணில் மண் விழுவது ஒரு காரணம். அதைவிட, அந்த வாகனம் மறைத்திருக்கும் வீதி உங்களுக்குத் தெரியாது என்பது பெரிய காரணம்.

படி 3: பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால்

அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகளுக்காக இரண்டு பஸ்கள் போட்டியிடும் நேரங்களில், நடுவில் அகப்படும் மோட்டார் சைக்கிள் அவர்களுக்கு ஒரு தடையாக மட்டுமே தெரிகிறது. இப்போது நீங்கள் செய்யக்கூடாதவை இரண்டு: பயந்து வேகத்தைக் கூட்டுவதும், ஆத்திரத்தில் சடுதியாகப் பிரேக் பிடிப்பதும். வேகத்தைக் கூட்டினாலும் அவர் ஒட்டிக்கொண்டே வருவார். நீங்களோ உங்களுக்குப் பழக்கமில்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

கண்ணாடியில் பஸ் பெரிதாகத் தெரியத் தொடங்கியதும், முன்னால் கரை அகலமாகவும் மதகு இல்லாமலும் உள்ள இடமொன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கச் சிக்னலைப் போடுங்கள். அக்சிலேற்றரைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பிரேக் பிடலை மெல்லத் தொட்டு, பின்விளக்கை ஓரிரு தடவை எரியவிட்டு, இடப்பக்கம் நகருங்கள். பஸ் பக்கத்தால் போகும்போது காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், பின்பு உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை அணைத்துக்கொண்டு, தூரத்தைப் பாருங்கள். பஸ் போய்விட்டது என்று உடனே நடுவுக்கு வந்துவிட வேண்டாம். ஒன்றின் பின்னால் மற்றொன்று வருவதுதான் போட்டி. ஆகவே கண்ணாடியையும் பார்த்து, தலையைத் திருப்பி வலத் தோளுக்கு மேலாலும் ஒரு தடவை பார்த்த பின்னரே திரும்புங்கள்.

படி 4: எதிரே வருபவர் உங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டால்

இந்தப் படியை ஆறுதலாக வாசியுங்கள். நீங்களும் எதிரே வருபவரும் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 39 மீற்றர் குறைகிறது. 200 மீற்றர் தூரத்தில் ஒருவர் உங்கள் பக்கத்தில் விலத்திக்கொண்டு வருவதைக் கண்டால், உங்களிடம் இருப்பது 5 செக்கன் மட்டுமே. நியாயம் யார் பக்கம் என்று எண்ணுவதற்கு அதில் நேரமில்லை. லைட் அடித்துக் காட்டினால் அவர் ஒதுங்குவார் என்று நம்பி அதே வேகத்தில் போவது, உங்கள் உயிரை அவருடைய கையில் கொடுப்பதாகும்.

எதிரே ஒரு பெரிய வாகனம் வரும்போதெல்லாம், அதன் பின்னால் இன்னொன்று வெளியே எடுக்கக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஓடுங்கள். பஸ்ஸின் வலப்பக்க விளிம்பில் (உங்கள் பார்வைக்கு அது இடப்பக்கம்) ஒரு விளக்கோ, ஒரு கண்ணாடியோ, ஒரு சில்லோ எட்டிப் பார்த்தால் அப்போதே அக்சிலேற்றரை விடுங்கள். பெரும்பாலும் அது மட்டுமே போதுமாக இருக்கும்.

போதாவிட்டால் தாரை விட்டுக் கிறவல் கரைக்கு இறங்க வேண்டி வரும். இங்கேதான் புதியவர்கள் விழுகிறார்கள்; பஸ் தொடாமலேயே விழுகிறார்கள். ஒழுங்கு இதுதான்: பிரேக் பிடிக்க வேண்டியது தாரில், மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. கரைக்கு இறங்குமுன் முன்பிரேக்கை முற்றாக விட்டுவிடுங்கள். தாரின் விளிம்பைச் சற்றுச் சாய்கோணத்தில் கடவுங்கள். விளிம்போடு சமாந்தரமாக உரசிக்கொண்டு இறங்க வேண்டாம். கிறவலில் சில்லு ஏறியதும் முன்பகுதி ஆடும். அது இயல்பு. கைகளைத் தளர்வாக வைத்து, கைப்பிடியைத் திருப்பாமல், பின்பிரேக்கை மட்டும் இலேசாகப் பிடித்து நேரே போய் நில்லுங்கள். எதிரே வரும் வாகனத்தைப் பார்க்காமல் நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கத்துக்கே மோட்டார் சைக்கிளும் போகும்.

திரும்பவும் தாருக்கு ஏறுவது இன்னுமொரு பொறி. மழைக்குப் பின் கரை அரிபட்டு, தாரின் விளிம்பு படிபோல உயர்ந்து நிற்கும் இடங்களில், ஓடிக்கொண்டே மெல்ல உள்ளே சரிய முயன்றால் முன்சில்லு விளிம்பில் சிக்கி உங்களை வீதியின் நடுவில் தள்ளிவிடும். முதலில் நில்லுங்கள், பின்னால் பாருங்கள், பிறகு விளிம்பை நன்றாகக் குறுக்கறுத்து ஏறுங்கள். வாகனம் குறைந்த உள்வீதியில், 20 கிலோமீற்றர் வேகத்தில், இறங்குவதையும் ஏறுவதையும் பல தடவை பழகிய பின்னர் ஏ9 இற்குப் போங்கள்.

படி 5: கவனமற்றவரைச் சில்லைப் பார்த்து அறியுங்கள்

ஓட்டோ, கார், வான் எதுவாயினும் சிக்னல் விளக்கை நம்பி ஓட வேண்டாம். சாரதியின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருப்பதையும் நம்ப வேண்டாம். அவர் உங்களுக்குப் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்சில்லைப் பாருங்கள். கரடிப்போக்குச் சந்தியிலோ பரந்தன் சந்தியிலோ கரையில் நிற்கும் ஓட்டோவின் முன்சில்லு வீதியின் பக்கம் ஒரு விரலளவு திரும்பினாலே, அது வெளியே வரப்போகிறது என்று கொள்ளுங்கள். உடனே பிரேக்கின் மேல் விரல்களை வைத்து, ஹோர்ணைச் சிறிதாக ஒரு தடவை அடியுங்கள்.

வன்னிக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது, பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை)ப் பற்றி. பெட்டியின் முன்பக்கம் இருந்து நீண்ட கைப்பிடிகளைப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. அந்த இயந்திரத்தின் சத்தத்தில் உங்கள் ஹோர்ண் கேட்பதும் அரிது. அவர் எப்போது திரும்புவார் என்பதை வீதியே சொல்லும். வலப்பக்கம் ஒரு வயல் ஒழுங்கையோ, கேற்றோ, வாய்க்காலைக் கடக்கும் சிறு மதகோ இருந்தால், அந்த இடம் கடக்கும் வரை அவரை விலத்த வேண்டாம். வலப்பக்கம் திரும்புவதற்கு வசதியாக அவர் முதலில் இடப்பக்கம் ஒதுங்குவார். அதை உங்களுக்கு வழி விடுவதாக எடுத்துக்கொள்வதே பெரிய தவறு. காலபோக அறுவடையும் சிறுபோக அறுவடையும் நடக்கும் காலங்களில், வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயவிடப்பட்டிருக்கும். அதைத் தவிர்க்க எதிரே வருபவர் உங்கள் பக்கத்துக்கு வருவார் என்பதையும் கணக்கில் எடுங்கள். நெல்லின் மேல் ஏறினால் சில்லு வழுக்கும்.

சில இடங்களில் புகையிரதப் பாதை ஏ9 இற்கு மிக அருகில் செல்கிறது. பக்க வீதிக்குத் திரும்பும் வாகனம் கடவையில் நிற்க நேர்ந்தால் அதன் பின்பகுதி பிரதான வீதியிலேயே நீட்டிக்கொண்டு நிற்கும்.

படி 6: இரவில்

முடிந்தால் இரவில் நீண்ட தூரம் ஓடுவதைத் தவிருங்கள். ஓடத்தான் வேண்டுமெனில், உங்கள் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தை வைத்திருங்கள். உலர்ந்த தாரில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, நிற்பதற்கு ஏறத்தாழ 45 மீற்றர் தேவைப்படும். டிம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிவதில்லை. விளக்கில்லாத பெட்டியும், சூடு தணியாத தாரில் படுத்திருக்கும் மாடும் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன. எதிரே வருபவர் டிம் பண்ணாவிட்டால் நீங்களும் பதிலுக்குப் பிரைட் போட வேண்டாம்; கண் கூசிய சாரதி ஒருவர் உங்களை நோக்கி வருவதில் உங்களுக்கு என்ன இலாபம்? வேகத்தைக் குறைத்து, பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி, அவர் கடக்கும் வரை அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

படி 7: கோபத்தை வீதியில் தீர்க்க வேண்டாம்

உங்களைக் கரைக்கு இறக்கிய பஸ்ஸைத் துரத்திப் பிடித்துச் சாரதியிடம் நியாயம் கேட்கத் தோன்றும். துரத்தும்போது நீங்களும் இன்னொருவருக்கு முரட்டுச் சாரதியாகிறீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கை நடுக்கம் தீரும் வரை இருங்கள். நினைவு மங்குமுன் வாகன இலக்கம், பஸ்ஸானால் எங்கிருந்து எங்கே போகிறது என்பது, நேரம், அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் எண் ஆகியவற்றைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

யாராவது காயப்பட்டிருந்தால் முதலில் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க ஒருவரைத் தூரத்தில் நிறுத்துங்கள். விழுந்தவர் மூச்சு விடுகிறாரெனில் அவருடைய தலைக்கவசத்தைக் கழற்ற முயலாமலும், தூக்கி ஓட்டோவில் மடக்கிப் போடாமலும் இருங்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த உதவியே பாரிய தீங்காகிவிடும். பொலிஸாரின் அவசர இலக்கம் 119.

காயமில்லாத, ஆனால் சும்மா விடக்கூடாத சம்பவங்களுக்கு முறைப்பாடு செய்யலாம். கொழும்பு போன்ற வெளிமாகாண இடங்களுக்கு ஓடும் தனியார் பஸ்ஸெனில் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு அழையுங்கள். வடமாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸெனில் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கு எழுதுங்கள். இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸெனில் அது எந்தச் சாலைக்கு (டிப்போவுக்கு) உரியது என்று பார்த்து, அந்தச் சாலையின் முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை உங்களிடம் வைத்திருங்கள். கடிதத்தில் திட்ட வேண்டாம். குறித்துவைத்த இலக்கம், இடம், நேரம், நடந்தது என்ற நான்கையும் சுருக்கமாக எழுதினாலே போதும்.